சனிக்கும் ஞாயிறுக்கும் நடுவில் ஒரு வள்ளம்

சுதந்திரத்தைப் பற்றிப் பேசுவதற்காக என்னைத் தூத்துக்குடிக்கு அழைத்திருந்தார்கள். வீட்டில் அனுமதி வாங்கிக்கொண்டு புறப்பட்டேன்.

ஈரோட்டுக்காரனுக்குக் கடற்கரை என்பது வெளிநாடு. எங்கள் பக்கம் தண்ணீர் என்றால் வாய்க்காலில் முறை வைத்து விடுவார்கள். கேட்பாரில்லாமல் இவ்வளவு தண்ணீர் ஓரிடத்தில் கிடப்பதைப் பார்த்தால் எனக்கு இன்னமும் யாரோ மடையை மூட மறந்துவிட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது. மொழி ஒன்றுதானே என்பீர்கள். பேருந்தை விட்டு இறங்கி, ஒரு கடையில் "ஏனுங்க, ஒரு டீ கொடுங்க" என்றேன். கடைக்காரர் ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"கோயமுத்தூரா?"

"ஈரோடுங்க."

"எல்லாம் ஒண்ணுதாம்" என்று டீயை வைத்தார். குடியேற்றச் சோதனை அத்தோடு முடிந்தது.

வெள்ளிக்கிழமை உரை. ஒரு கல்லூரி, பெயர் வேண்டாம். தலைப்பு: 'மதங்கள் செய்த அரசு, தத்துவங்கள் செய்த சுதந்திரம்'. பத்திரிகையில் நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவனை இதற்கு ஏன் கூப்பிட்டார்கள் என்று எனக்குப் புரியவில்லை. கூப்பிட்ட பேராசிரியருக்கும் உரையின் பாதியில் அதே சந்தேகம் வந்ததை அவர் முகத்தில் பார்த்தேன். நான் சொன்னது இவ்வளவுதான். அரசன் கடவுளின் ஆள் என்றது ஒரு காலம். ஐரோப்பாவில் எப்படிச் சாமி கும்பிடுவது என்று தலைமுறை தலைமுறையாக வெட்டிக்கொண்டு, கடைசியில் கை ஓய்ந்து, 'அவனவன் மனசாட்சியை அவனவனிடம் விட்டுவிடுவோம்' என்றார்கள். சுதந்திரம் ஞானத்தில் பிறந்ததைவிடக் களைப்பில் பிறந்தது அதிகம். எல்லாரும் கூடி ஒப்புக்கொண்டதுதான் அரசு என்று பிறகு தத்துவக்காரர்கள் வந்து எழுதிக் கொடுத்தார்கள்.

பிள்ளைகள் அமைதியாகக் கேட்டார்கள். என் பேச்சில் மயங்கிவிட்டார்கள் என்று நினைத்தேன். இறங்கி வரும்போதுதான் தெரிந்தது, அவர்கள் நடுவில் எழுந்து போய்விடாதபடி அரங்கின் கதவை வெளிப்பக்கம் தாழிட்டிருந்தார்கள்.

என்னைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பைக் கல்லூரி சுயம்பு அண்ணாச்சியிடம் ஒப்படைத்திருந்தது. முத்தையாபுரத்தில் கயிறு, வலை, இன்ஜின் ஆயில் விற்கும் கடை அவருக்கு. கரையோரம் முழுக்க அவருக்கு வாடிக்கை. அன்று சாயங்காலம் பொரித்த புரோட்டா வாங்கிக் கொடுத்தார். எண்ணெயில் முறுகிய அந்த வட்டங்களைச் சால்னாவில் நொறுக்கிப் போட்டு ஊறவிட்டுத் தின்ன வேண்டும். எங்கள் ஊரில் புரோட்டாவை மென்மையாக இருக்கிறது என்று புகழ்வோம். இங்கே சத்தம் வராவிட்டால் கடைக்காரரிடம் புகார்.

"நல்லாப் பேசுனிய சார்" என்றார் அண்ணாச்சி. "சீமைக்கதைய எல்லாம் சொன்னிய. நம்ம பக்கத்துக் கதைய விட்டுட்டிய."

அவர் குடும்பம் அய்யாவழி. அவர்கள் கோயிலான பதியில் சிலை கிடையாது. ஒரு கண்ணாடி இருக்கும். ஆண்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டு அதன் முன்னால் நின்று கும்பிடுவார்கள். "மேல்சாதிக்காரனப் பாத்தா துண்டை அவுத்து இடுப்புல கட்டணும்னு இருந்த காலம். அப்பதான் அய்யா சொன்னாவ, துண்டைத் தலையில கட்டிட்டு சாமிகிட்டயே போங்கலேன்னு. சாமி முன்னாலயே தலைப்பாவோட நின்னவன் தாசில்தார் முன்னால எதுக்கு அவுக்கணும்?" புரோட்டாவின் கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டு, "அரசியல் சட்டம்லாம் பொறவு வந்தது" என்றார்.

எங்கள் பக்கத்தில் சாமியே இல்லை என்று சொல்லி மனிதனை நிமிர்த்தப் பார்த்தார்கள். இங்கே சாமியின் பெயரைச் சொல்லியே நிமிர்ந்திருக்கிறார்கள். இதை என் உரையில் சேர்த்திருக்கலாம். கதவு தாழிட்டிருந்ததால் நேரம்கூட இருந்தது.

"நாளைக்கு ஒரு பஞ்சாயத்துக்குப் போறேன். நீங்களும் வாங்க. நீங்க பேசுன விசயந்தான்" என்றார் அண்ணாச்சி.

சனிக்கிழமை மத்தியானம் அவருடைய குட்டியானை வண்டியில் வடக்கே கிளம்பினோம். பின்னால் கயிற்றுச் சுருள்கள், முன்னால் நாங்கள். இரண்டு பக்கமும் உப்பளம். வெள்ளைக் குவியல்களின் மேல் ஓலை வேய்ந்திருந்தது. எங்கள் ஊரில் மஞ்சளை இப்படித்தான் காய வைப்போம், நிறம்தான் வேறு என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது வண்டி நின்றுவிட்டது. பேட்டரி. "சும்மா ஒரு தள்ளு சார்" என்றார் அண்ணாச்சி, ஸ்டியரிங்கை விடாமல். தள்ளினேன். வண்டி நகரவில்லை, என் செருப்பு நகர்ந்தது. உப்பு லாரியிலிருந்து இரண்டு பேர் இறங்கி வந்து, என்னை மரியாதையாக ஓரமாக நிற்க வைத்துவிட்டு, ஒரே மூச்சில் கிளப்பி விட்டார்கள்.

ஊர், தருவைகுளத்தையும் தாண்டி. பெயரைச் சொன்னால் இரு தரப்பும் போன் போட்டுத் திட்டுவார்கள் என்பதால் சொல்லப் போவதில்லை. கத்தோலிக்க மீனவர் ஊர். முத்துக் குளித்த காலத்தில் கடல் யாருடையது என்று தகராறு முற்றியபோது, இந்தக் கரைக்காரர்களின் முன்னோர் கப்பலில் வந்த போர்ச்சுகீசியரிடம் காவல் கேட்டார்கள். காவலோடு சிலுவையும் வந்தது. அரசனையும் ஆண்டவனையும் ஒரே பேச்சில் மாற்றிக்கொண்டவர்கள். பிறகு அந்த அரசன் போனான், முத்தும் போயிற்று, ஆண்டவர் மட்டும் தங்கிவிட்டார்.

தங்கியவர் ஞாயிற்றுக்கிழமை ஓய்வெடுப்பவர். எனவே ஞாயிறன்று எந்த வள்ளமும் கடலில் இறங்கக் கூடாது என்பது ஊர்க் கமிட்டியின் சட்டம்.

சிக்கல், சிலுவை என்ற மீனவர். பெயரே அப்படி. நாற்பது வயதிருக்கும், அதிகம் பேசாதவர். கொஞ்ச காலம் முன்பு வேறொரு சபையில் சேர்ந்துவிட்டார். அந்தச் சபைக்குச் சனிக்கிழமைதான் ஓய்வுநாள். வெள்ளி அந்தியில் தொடங்கிச் சனி அந்தியில் முடியும். சனிக்கிழமை தொழிலுக்குப் போக மனசாட்சி விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை போகக் கமிட்டி விடவில்லை. மூன்று வாரத்துக்கு முன் ஒரு ஞாயிறு, கரையில் நின்றவர்கள் வழக்கம்போல் தள்ளிவிட, துணிந்து இறங்கினார். திரும்பி வந்ததும் கமிட்டி அவர் வள்ளத்தின் இன்ஜினைக் கழற்றிக் கொண்டுபோய் ஊர்க் கொட்டகையில் பூட்டிவிட்டது. இப்போது எந்தக் கிழமையும் தொழில் இல்லை.

அவர் வீட்டில்தான் சாப்பாடு. சனிக்கிழமை அடுப்பு பற்றவைப்பதில்லை. வெள்ளிக்கிழமை வைத்த மீன்குழம்பு. அந்தச் சபையின் இறையியல் பற்றி எனக்குக் கருத்தில்லை. மீன்குழம்பு விஷயத்தில் அது முற்றிலும் சரி. ஒரு நாள் ஊறிய சூரை மீன், புளியும் தேங்காயும் சமாதானமாகிப் போன ருசி.

"நீங்களும் இவருகூட சபை மாறிட்டீங்களா?" என்று சிலுவையின் மனைவி மெர்சியிடம் கேட்டேன்.

"நான் ரெண்டுக்கும் போறேன்" என்றார் மெர்சி. "வெள்ளிக்கிழம ரெண்டு நாளைக்குச் சேத்துப் பொங்கணும். ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சா எங்க அண்ணன் வீட்டு ஆளுக சாப்பிட வரும், அதுக்குப் பொங்கணும். சாமிமாரு ஆளுக்கு ஒரு நாள் லீவு எடுத்துக்கிட்டாவ. எனக்குன்னு ஒரு நாளு எந்தச் சாமியும் சொல்லல."

பிறகு குரல் இறங்கி, "அண்ணன் மூணு வாரமா வரல" என்றார்.

அண்ணன், இன்னாசி. கமிட்டியில் இருப்பவர். இன்ஜினைக் கழற்றியதே அவர்தான்.

பஞ்சாயத்து சரியாகச் சூரியன் இறங்கியதும் தொடங்கியது. அதற்கு முன் சிலுவைக்கு ஓய்வுநாள், விடிந்தால் மற்றவர்களுக்கு. இரண்டு கடவுளுக்கும் நடுவில் கிடைத்த சந்து அது. வலை பின்னும் கொட்டகையில் பாய் விரித்திருந்தது. பங்குச் சாமியார் வரவில்லை. ஊர் விவகாரத்தில் தலையிட மாட்டாராம். என் உரையில் ஐரோப்பா அந்த இடத்துக்கு வந்து சேரக் கால் மணி நேரம் பிடித்தது.

தலைவர் கஸ்பார் வயதானவர், மெதுவாகப் பேசுபவர். "சொல்லுல" என்றார்.

சிலுவை சொன்னார்: "எனக்கும் ஒரு நாள் லீவுதான். நான் சும்மா இருக்க நாளு வேற. அம்புட்டுதான்."

இன்னாசி எழுந்தார். கறுத்து உயர்ந்த ஆள், தங்கையின் முகச்சாயல். "இது சாமி விசயமுன்னு நெனைக்காதிய. இவன் எந்தச் சாமியக் கும்பிட்டா எனக்கென்ன. இன்னைக்கு இவன் ஒரு சாமியச் சொல்லி ஞாயித்துக்கிழம போவான். நாளைக்கு அஞ்சு வள்ளம் வச்சிருக்கவன் வருவான். லீவே எடுக்காத ஒரு சாமி அவனுக்குக் கெடைக்கும். கூலிக்குப் போறவன் வரமாட்டேன்னு சொன்னா, வேற ஆளக் கூட்டிட்டுப் போவான். அப்ப எங்கள யாரு உக்கார விடுவா? ஞாயித்துக்கிழமதான் முதலாளியும் நானும் ஒரே பெஞ்சுல உக்காருதோம்."

நான் ஒன்றரை மணி நேரம் சுதந்திரத்தை ஆதரித்துப் பேசியவன். இந்த ஆள் அதற்கு எதிராகப் பேசியதும் சுதந்திரம்தான். எனக்குச் சங்கடமாக இருந்தது.

அண்ணாச்சி சிலுவைக்காகப் பேசினார். "இன்ஜின புடிச்சு வைக்கிறதுக்கு அவன் களவா செஞ்சான்? மனசாட்சியப் பூட்டி வைக்கக் கொட்டகை ஏது உங்ககிட்ட?" இரண்டு சபையையும் சேராதவர் என்பதால் இரண்டு பக்கமும் அவரை நம்பியது. பிறகு அவர் செய்யக் கூடாத ஒன்றைச் செய்தார். என்னைக் காட்டி, "சார் இதப் பத்தித்தான் காலேசுல பேசுனாவ" என்றார்.

எல்லா முகமும் திரும்பியது. எழுந்தேன். "ரெண்டு பக்கத்துலயும் நியாயம் இருக்குதுங்க" என்றேன். அந்த 'ங்க'வுக்கே பின்வரிசையில் சிரிப்பு.

"அது எங்களுக்கே தெரியும் சார்" என்றார் கஸ்பார் வருத்தத்தோடு. "அதுனாலதான சண்ட."

உட்கார்ந்தேன்.

நெடுநேரப் பேச்சுக்குப் பின் கஸ்பார் தீர்ப்புச் சொன்னார். இன்ஜினைக் கொடுத்துவிடலாம். சிலுவை ஞாயிற்றுக்கிழமை போகலாம். அவன் மனசாட்சி அவனுக்கு. ஆனால் ஊரின் மனசாட்சி ஊருக்கு. "ஞாயித்துக்கிழம உன் வள்ளத்துல ஊரு கை வைக்காது. சாவு, ஆபத்து, கவுந்த வள்ளம், இந்த மூணுக்கு மட்டுந்தான் நமக்கு ஞாயிறு கெடையாது."

என்னவோ பெரிய வெற்றி என்று நான் சிலுவையைப் பார்த்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. வெளியே வந்ததும் அண்ணாச்சி விளக்கினார். இந்தக் கரையில் வள்ளத்தை மணலில் ஏற்றித்தான் நிறுத்துவார்கள். இறக்க வேண்டுமானால் கரையில் நிற்கிற அத்தனை பேரும் தோள் கொடுக்க வேண்டும். பேச்சுவார்த்தை இல்லாதவனும், பங்காளிச் சண்டைக்காரனும், பக்கத்தில் நின்றால் வந்து தள்ளுவான்; தள்ளிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போவான். அதுதான் வழக்கம். ஊர் கை வைக்காது என்றால், வள்ளம் தானாக நடந்து கடலுக்குப் போனால் போகலாம் என்று அர்த்தம். சிலுவைக்கு முழுச் சுதந்திரம் கிடைத்துவிட்டது. பன்னிரண்டு தோள்தான் பாக்கி.

"ஒரு வாரம் பாப்பான். முடியாம, வேற ஊருக்குப் போயிருவான்" என்றார் அண்ணாச்சி. வண்டி முத்தையாபுரம் வந்து சேர்ந்தது. பிறகு, "காலைல வாரியளா?" என்றார்.

ஞாயிறு விடியும்போது நாங்கள் அங்கே நின்றோம். கோயிலில் முதல் பூசை நடந்துகொண்டிருந்தது. பாட்டு மணல்வரை கேட்டது. கச்சான் என்கிற மேல்காற்று. அலை என் முழங்கால் உயரம்தான், ஆனாலும் விடாமல் வந்துகொண்டிருந்தது. சிலுவை இரவே வாங்கி வந்த இன்ஜினை மாட்டிவிட்டு, வள்ளத்தின் அடியில் உருளைக் கட்டைகளைப் போட்டுக்கொண்டிருந்தார். பூசை முடிந்து முதல் ஆளாக மெர்சி வந்தார். முக்காட்டை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு வள்ளத்தின் பின்பக்கம் கை வைத்தார்.

அண்ணாச்சி தோளில் கிடந்த துண்டை எடுத்து, உதறி, தலையில் சுற்றிக் கட்டினார். நிதானமாக, முடிச்சைச் சரிபார்த்து. எனக்குத் துண்டு இல்லை. கல்லூரியில் போர்த்திய பொன்னாடையைப் பையிலேயே விட்டிருந்தேன். சும்மா போய் நின்றேன்.

"ஏலே ஐலசா!"

தள்ளினோம். பேட்டரி போன வண்டிக்கும் வள்ளத்துக்கும் வித்தியாசம், வள்ளம் கொஞ்சம் நகர்ந்தது. கட்டை மாற்றினோம். மறுபடி தள்ளினோம். நான் ஒரு முறை விழுந்தேன். அதை யாரும் தடங்கலாகக் கருதவில்லை. பூசை முடிந்து ஊரே மணல்மேட்டில் வந்து நின்றுவிட்டது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கை கட்டிய வரிசை. முன்னால் இன்னாசி.

"சார் நல்லாத் தள்ளுதாரு. அவர அப்பிடியே உள்ள வச்சுத் தள்ளுங்கலே" என்றது ஒரு குரல்.

எப்படியோ வள்ளத்தின் மூக்கு தண்ணீரைத் தொட்டது. சிலுவை உள்ளே ஏறினார். கஷ்டம் முடிந்தது என்று நினைத்தேன். அப்போதுதான் ஆரம்பித்தது. பாதி மணலில், பாதி நீரில் நின்ற வள்ளத்தை ஒரு அலை பக்கவாட்டில் அறைந்து திருப்பியது. அடுத்தது விளிம்புக்கு மேலேயே வந்து விழுந்தது. வள்ளம் சாய்ந்தது, சாய்ந்த பக்கத்தில் மெர்சி நின்றிருந்தார்.

"கவுருதுல!"

யார் கத்தியது என்று தெரியாது. மணல்மேட்டிலிருந்து அத்தனை வெள்ளை வேட்டியும் இறங்கி ஓடி வந்தது. முதலில் வந்து சேர்ந்தது இன்னாசி. தங்கையை ஒரு கையால் இழுத்துக் கரையில் தள்ளிவிட்டு, சாய்ந்த விளிம்பைத் தோளில் ஏந்தி நிமிர்த்தினார். பின்னால் ஒரு கும்பலே வள்ளத்தைப் பிடித்துக்கொண்டது. என்னை மறுபடியும் யாரோ மரியாதையாக ஓரத்தில் நிற்க வைத்தார்கள்.

"கரைக்கு இழுல, இன்னாசி! கரைக்கு இழு!"

இன்னாசி வள்ளத்துக்குள் இருந்த சிலுவையைப் பார்த்தார். சிலுவை தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார். ஒரு அலை வந்து போயிற்று. இன்னாசி வள்ளத்தின் மூக்கை இடுப்பால் திருப்பி, கடலைப் பார்க்க வைத்து, "தள்ளுங்கலே" என்றார்.

தள்ளிவிட்டார்கள்.

கஸ்பார் மெதுவாக மணலில் நடந்து வந்து சேர்ந்தபோது, எல்லாரும் இடுப்பு நனைந்து நின்றோம். "என்னல இது?"

"ஆபத்து" என்றார் இன்னாசி, வேட்டியைப் பிழிந்துகொண்டே. "ஆபத்துக்கு நமக்கு ஞாயிறு கெடையாதுன்னு நீருதான சொன்னீரு."

"ஆபத்துன்னா கரைக்குல்லா இழுக்கணும்?"

"கரைக்கு இழுத்தா அடுத்த வாரமும் இதே ஆபத்துல்லா வரும்? பொம்பளப் பிள்ள வந்து தள்ளுது, வெளியூர்க்காரரு விழுந்து விழுந்து எந்திக்காரு. பாத்துட்டு நிக்கச் சொல்லுதீரா?"

"நேத்து நீதானல வேண்டாம்னு நின்ன?"

"இன்னைக்கும் வேண்டாம்னுதான் நிக்கேன்." இன்னாசி பிழிந்த வேட்டியை மடித்துக் கட்டினார். "எவனா இருந்தாலும் வாரத்துக்கு ஆறு நாளுதான் கடல். அஞ்சு வள்ளம் வச்சிருந்தாலும் ஆறு நாளுதான். எந்த ஆறுன்னு அவனவன் சாமி சொல்லட்டும். ஆறா இல்லையான்னு ஊரு பாக்கட்டும்."

சற்றுத் தள்ளி நீரில் இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. அங்கிருந்து சிலுவை கத்தினார்: "போவட்டுமா, வேண்டாமா? எண்ணெய் எரியுது!"

கஸ்பார் கையைத் தூக்கினார். ஆசீர்வாதமா, போய்த் தொலை என்பதா என்று எனக்குத் தெரியவில்லை. சிலுவைக்குத் தெரிந்தது. வள்ளம் திரும்பிக் கிழக்கே போயிற்று.

"இனிமே வெள்ளிக்கிழம கடலவிட்டு வந்ததும் வள்ளத்தக் கரையில ஏத்த வேண்டாம்னு சொல்லு" என்றார் கஸ்பார். "தண்ணியிலயே நங்கூரம் போட்டுக் கட்டிட்டு, ஞாயித்துக்கிழம அப்பிடியே போவட்டும். யாரும் தள்ள வேண்டாம், விழவும் வேண்டாம்." இந்த இடத்தில் என்னைப் பார்த்தார். "சரி, சனிக்கிழம அவன் நெசமாவே சும்மா இருக்கானா, களவாப் போறானான்னு யாரு பாக்க? கட்டிப் போட்ட வள்ளத்துக்குக் காவல் யாரு?"

நனைந்த வேட்டிகள் எல்லாம் ஒரே ஆளின் பக்கம் திரும்பின.

"என்னைய ஏன்ல பாக்குதிய?" என்றார் இன்னாசி.

அண்ணாச்சி தலைப்பாகையை அவிழ்த்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் தோளில் போட்டார். மெர்சி முந்தானையைப் பிழிந்தபடி மேட்டில் ஏறிக்கொண்டிருந்தார். பாதி ஏறியதும் நின்று, திரும்பாமலே சொன்னார்:

"சோறு பொங்கப் போறேன். எத்தன பேருன்னு இப்பவே சொல்லுங்க."